பெஞ்ச் கிரைண்டரில் துணி வீல் மாட்டினால் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் விதமும்

கார்த்திகை நெருங்கினால் எங்கள் வீட்டில் குத்துவிளக்கு, தாம்பாளம், சொம்பு எல்லாம் பரணிலிருந்து இறங்கிவிடும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அம்மாவுக்குக் கை ஓய்ந்துபோகும். அதைப் பார்த்துத்தான் காட்பாடி வீட்டுப் பின்கட்டில் சும்மா கிடந்த ஆறு அங்குல பெஞ்ச் கிரைண்டரில் சாணைக்கல்லைக் கழற்றிவிட்டுத் துணி வீல் மாட்டினேன். முதல் வாரத்திலேயே விளக்கின் மேல்தட்டைக் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்தது. நெளிந்துபோன தட்டை நிமிர்த்த லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த பெரியவர் நெளிசலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னா தம்பி, கல்லுக்குக் காட்டற மாதிரியே துணிக்கும் காட்னியா?”

“ஆமாங்கய்யா.”

“கல்லு நீ குடுத்தத தேய்க்கும். துணி நீ குடுத்தத இஸ்துகினு போவும். ரெண்டும் வேற பா.”

அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. பெஞ்ச் கிரைண்டர் கல்லுக்காகவே செய்யப்பட்ட மெஷின். அதன் கவசம், முன்னால் இருக்கும் தாங்கி, குட்டையான சாஃப்ட், வேகம் எல்லாமே கல்லை நினைத்து வைத்தவை. துணி வீலுக்கு மாறும்போது வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, கல்லுக்கு இருந்த ஏதோ ஒன்றை அப்படியே விட்டுவிடுவதால் வருகின்றன. உங்களுக்கு எந்தக் கோளாறோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் “பொருளைப் பிடுங்குகிறது” என்ற பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலையில் இருப்பவர்களுக்குப் பஃபிங் என்றால் தோலின் மேற்பரப்பை எமரித் தாளில் உராய்ந்து சீராக்குவது. இங்கே நான் சொல்வது உலோகத்தைத் துணிச் சக்கரத்தில் மெருகேற்றுவது. கடையில் கேட்கும்போது “பித்தளைக்கு”, “எஸ்.எஸ்.ஸுக்கு” (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு) என்று சேர்த்துச் சொன்னால்தான் சரியான வீல் கிடைக்கும்.

எதைக் கழற்றுவதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது.

இடது பக்க நட்டு அசையவே இல்லை

துருப்பிடித்திருக்கிறது என்று நினைத்துப் பலமாகத் திருப்பி நட்டின் மூலையை மழுக்கிவிடுபவர்கள் அதிகம். மெஷினுக்கு எதிரே நிற்கும்போது உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும் முனையில் இடது மரை இருக்கும். வழக்கமான திசையில் திருப்பினால் இன்னும் இறுகத்தான் செய்யும். வலது பக்கம் வழக்கமான மரைதான். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஒரே விதி போதும்: வீல் எந்தத் திசையில் சுற்றுமோ அதே திசையில் நட்டைத் திருப்பினால் கழலும், இரண்டு பக்கமும் அப்படித்தான். வீலின் மேல்பக்கம் உங்களை நோக்கி வரும் என்பதால் ஸ்பேனரையும் மேலிருந்து உங்கள் பக்கமாக இழுக்க வேண்டும்.

சாஃப்ட் கூடவே சுற்றினால் கல்லுக்கும் கவசத்துக்கும் நடுவில் ஸ்குரூ டிரைவரைச் செருகாதீர்கள், கல் விரிசல் விடும். எதிர்ப்பக்க நட்டில் ஒரு ஸ்பேனரைப் போட்டு யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மரைகள் எதிரெதிராக இருப்பதால் இந்தப் பக்கம் கழலும்போது அந்தப் பக்கம் இறுகும், பிடி நழுவாது. கழற்றிய கல்லைத் தரையில் உருட்டாமல் தட்டையாக எடுத்து வையுங்கள். மறுபடி மாட்டும் நாளில் துளையில் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்து மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். மணி மாதிரிக் கணீரென்று கேட்டால் சரி, மொத்தென்று கேட்டால் அந்தக் கல்லை மாட்டக் கூடாது.

சுவிட்ச் போட்டதும் பெஞ்சே ஆடுகிறது

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் பிரச்சினை வீலில் இல்லை. பேரிங், வளைந்த சாஃப்ட், அல்லது பெஞ்சில் போல்ட் இறுக்கம் இல்லாதது. சாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க டயல் கேஜ் வேண்டும் என்பதில்லை. ஒரு கம்பியைக் களிமண் உருண்டையில் நட்டு அதன் நுனி சாஃப்டை லேசாகத் தொடும்படி வைத்துவிட்டு, சாஃப்டைக் கையால் சுற்றினால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும்.

வெறும் மோட்டார் அமைதியாக ஓடி, வீல் மாட்டியதும் ஆடுகிறது என்றால் முதலில் துளையைப் பாருங்கள். ஆறு அங்குல கிரைண்டரின் சாஃப்ட் பெரும்பாலும் நாலு நூல், அதாவது 12.7 மி.மீ.; எட்டு அங்குல மெஷினில் பெரும்பாலும் அஞ்சு நூல், 15.88 மி.மீ. அஞ்சு நூல் துளை உள்ள வீலை நாலு நூல் சாஃப்டில் போட்டு நட்டால் அழுத்திப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் வீல் ஒன்றரை மி.மீ.க்கு மேல் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும், அந்த ஆட்டத்தை எதுவும் சரிசெய்யாது. துளையின் அளவைக் குறைக்கும் வளையமான புஷ் கடையில் கிடைக்கவில்லை என்றால் லேத்தில் கொடுத்து அலுமினியத்தில் ஒன்று கடைந்து வாங்கிவிடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றி அளவு கூட்டுவது சூடேறினால் நழுவிவிடும்.

துளை சரியாக இருந்தும் ஆடினால், வீலை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தட்டான ஃபிளாஞ்சைத் துடைத்துப் பாருங்கள். கல்லோடு இருந்த காகித வட்டத்தின் துண்டோ, கல்லின் பொடியோ ஒட்டியிருந்தால் வீல் சாய்ந்து உட்காரும். அதுவும் இல்லையென்றால் வீல் புதிது என்பதுதான் காரணம். துணி வீல் ஒன்றும் கடைசல் பிடித்த சாமான் இல்லை, மடிப்புகளும் பிசிறுகளுமாகத்தான் வரும். ஒரு பலகையில் ஆணிகள் அடித்து நுனிகள் சற்றே வெளியே வரும்படி செய்துகொள்ளுங்கள், அல்லது பழைய ஹேக்ஸா பிளேடை ஒரு கட்டையில் இறுக்கிக்கொள்ளுங்கள். வீல் ஓடும்போது நடுக்கோட்டுக்குக் கீழே அதை மெதுவாகக் காட்டினால் நீட்டிக்கொண்டிருக்கும் நூலெல்லாம் பறந்து வீல் வட்டமாகிவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஆட்டம் குறைவது சத்தத்திலேயே தெரியும். மூக்குக்கும் கண்ணுக்கும் மறைப்பு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், அறை முழுக்கப் பஞ்சு பறக்கும்.

நட்டு தானாகவே தளர்கிறது, அல்லது சாஃப்ட் சுற்றுகிறது வீல் நிற்கிறது

துணி அமுங்கும், கல் அமுங்காது. இன்று இறுக்கிய நட்டு நாளை தளர்ந்திருப்பதற்கு அதுவே காரணம். கல்லோடு வந்த சின்ன ஃபிளாஞ்ச் துணியின் நடுவில் மட்டும் பிடிக்கும், அதனால் இரண்டு பக்கமும் அகலமான வாஷர் வேண்டும். 150 மி.மீ. வீலுக்கு 50 மி.மீ. அகலமாவது இருந்தால் நல்லது. முதல் பத்து நிமிடம் ஓடியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இன்னொரு முறை இறுக்குங்கள்.

நட்டுக்குப் பதில் கூம்பு மரை போட்ட நீளமான முனை மாட்டுபவர்களும் உண்டு. வீலைச் சுழற்றித் திணித்தால் போதும், ஓட ஓடத் தானே இறுகிக்கொள்ளும், வீல் மாற்றுவதும் சுலபம். ஆனால் அதில் இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். மாற்றிப் போட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீல் கழன்று பறக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு பக்கமும் ஒரேயடியாகத் தளர்ந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். காயில் கட்டி வந்த மெஷினில் இது நடக்கும். ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகள் இடம் மாறியிருந்தாலும், மூன்று ஃபேஸில் எந்த இரண்டு ஒயர் மாறியிருந்தாலும் திசை மாறிவிடும். அதனால் காயில் கட்டி வந்த மெஷினை முதல் தடவை வீல் இல்லாமல்தான் போட்டுப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் உங்களை நோக்கி வரவில்லையென்றால் அப்படியே எலக்ட்ரீஷியனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொருளைத் திருப்ப இடமே இல்லை

முன்னால் இருக்கும் தாங்கியைக் கழற்றிவிடுங்கள். கல்லுக்கு அது உயிர், துணிக்கு எமன். பொருள் அதற்கும் வீலுக்கும் நடுவில் மாட்டினால் விரலும் சேர்ந்து போகும். கவசத்தில் முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் திறந்திருக்கட்டும், மேலும் பின்னும் இருக்கும் பகுதியை முடிந்தால் விட்டுவையுங்கள்.

மெஷினைப் பெஞ்சின் நடுவில் வைத்திருந்தால் வீலுக்குக் கீழே பலகைதான் இருக்கும், கை இறங்காது. விளிம்புக்குக் கொண்டுவந்து வீல் இரண்டும் பெஞ்சைத் தாண்டி வெளியே நிற்கும்படி போல்ட் போடுங்கள். சாஃப்டின் உயரம் உங்கள் முழங்கை மட்டத்தில் இருந்தால் தோள் வலிக்காது. நீள முனை மாட்டினால் மோட்டார் உடம்பில் பொருள் இடிக்காது என்பது உண்மைதான், ஆனால் பேரிங்கிலிருந்து வீல் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்குப் பேரிங்கின் சுமையும் ஏறும். அரை எச்.பி. மெஷினில் நாலைந்து அங்குலத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

பொருளைப் பிடுங்குகிறது

இதுதான் முக்கியம். கை உடைவதும், தட்டு நெளிவதும், கத்தி பறப்பதும் இதில்தான்.

மெஷினின் வலது முனைப்பக்கம் போய் நின்று வீலைக் கடிகாரமாக நினைத்துப் பாருங்கள். வேலை செய்பவர் நிற்கும் பக்கம் 9 மணி. மேலே 12, கீழே 6. வீல் 12லிருந்து 9க்கு வந்து 6க்கு இறங்குகிறது. கல்லில் வேலை செய்யும்போது தாங்கியின் மேல் வைத்து 9 மணிக்கோ கொஞ்சம் மேலேயோ காட்டுவோம். பழக்கத்தில் துணியிலும் அங்கேயே காட்டினால் துணி வரும் திசையும் உங்கள் நெஞ்சும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். துணியில் தொட வேண்டிய இடம் 8 மணி, அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே. அங்கே துணி கீழ்நோக்கிப் பின்பக்கமாக ஓடுவதால், கை நழுவினாலும் பொருள் தரைப்பக்கம் போகும், உங்கள் மேல் வராது. அது போய் விழும் இடத்தில் பழைய கோணிப்பையோ அட்டைப்பெட்டியோ போட்டு வைத்தால் பித்தளை நசுங்காது.

இடம் சரியாக இருந்தும் பிடுங்குகிறது என்றால் விளிம்பைக் கவனியுங்கள். துணி பொருளின் மேல் இறங்கி, அதன் கீழ் விளிம்பு வழியாக வெளியேற வேண்டும். மேல் விளிம்பில் வந்து மோதக் கூடாது. ஒரு தட்டை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவிலிருந்து கீழ் விளிம்பு வரைக்கும்தான் வீலில் படலாம். கீழ்ப்பாதி முடிந்ததும் தட்டைத் தலைகீழாகத் திருப்பி மேல்பாதியைக் கீழே கொண்டுவந்து மறுபடி அதே மாதிரி. மேல்பாதியையும் ஒரே பிடியில் முடித்துவிடலாம் என்று ஒரு அரை அங்குலம் தாழ்த்தினால் போதும், ஓடி வரும் துணி அந்த விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டும். எங்கள் விளக்குத் தட்டு நெளிந்தது அப்படித்தான். எண்ணெய் ஊற்றும் முகம் ஐந்தும் ஐந்து கொக்கி. இப்போது அந்த முகங்களை ஒவ்வொன்றாக, நுனி கீழே பார்க்கும்படி பிடித்து, ஒரு முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் நடுவில் வீலை விட்டு முழுக்க விலக்கித் திருப்பித்தான் காட்டுகிறேன். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

கத்தியும் அப்படியே, வெட்டும் பக்கம் எப்போதும் கீழே பார்க்கட்டும். துளை, காது, கைப்பிடி வளையம் உள்ள பொருளில் வீலின் ஓரம் துளைக்குள் நுழைந்துவிடாமல் பாருங்கள். சங்கிலியைக் கையில் தொங்கவிட்டுக் காட்டவே கூடாது, ஒரு நொடியில் விரலோடு சுற்றிக்கொள்ளும். மரப்பலகையில் இழுத்துக் கட்டி, பலகையோடு சேர்த்துக் காட்டினால் பாதுகாப்பு. மோதிரம், திருகாணி மாதிரி நுணுக்கமான சாமான்களை இந்த மெஷினுக்கே கொண்டுவராதீர்கள்.

துணிக் கையுறை போடக் கூடாது. பொருள் சூடாகும், கை சுடும், அதனால் போடத் தோன்றும். நூல் ஒன்று மாட்டினாலே கையுறை முழுவதும் உள்ளே போகும், கையும் போகும். சூட்டுக்குத் தனித்தனி விரலுக்கு மாட்டும் தோல் உறை போதும். ஆம்பூர்ப் பக்கம் தோல் வெட்டுத் துண்டுகள் சுலபமாகக் கிடைக்கும், நாமே தைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு அவ்வப்போது முக்கி எடுப்பது அதைவிட நல்லது. முந்தானை, துப்பட்டா, தொளதொள சட்டைக் கை, கழுத்துக் கயிறு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் அருகே இருக்கக் கூடாது. வேட்டி, லுங்கி கட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

மோட்டார் திணறுகிறது, சூடாகிறது, முனகிக்கொண்டு நிற்கிறது

மூன்றும் வேறு வேறு கோளாறு.

அழுத்தும்போது மட்டும் வேகம் குறைந்தால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது வீல் பெரிதாக இருக்கிறது. ஆறு அங்குல மெஷினில் எட்டு அங்குல வீல் மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2850 சுற்று ஓடும். அதில் 150 மி.மீ. வீலின் ஓரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1340 மீட்டர் வேகத்தில் போகும், 200 மி.மீ. வீல் 1790 மீட்டர். வேகம் கூடுவது பித்தளைக்கும் எஸ்.எஸ்.ஸுக்கும் நல்லதுதான், ஆனால் அதே அளவு அழுத்தத்துக்கு மோட்டார் தர வேண்டிய விசையும் விட்டத்துக்குத் தக்கபடி ஏறிவிடும். அரை எச்.பி.யால் அதைத் தாங்க முடியாது. பெரிய வீல் வேண்டும் என்றால் முக்கால், ஒரு எச்.பி. எட்டு அங்குல மெஷினாகப் பாருங்கள்.

காலையில் நன்றாக ஓடி மாலையில் திணறினால் வோல்டேஜைப் பாருங்கள். கோடையில் ஊர் முழுக்க ஏசி ஓடும் நேரத்தில் 180க்கு இறங்கும் தெருக்கள் உண்டு. இந்த வகை மோட்டாரின் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, 230க்குப் பதில் 180 வந்தால் விசை கிட்டத்தட்ட அறுபது சதவீதமாகிவிடும். இதோடு மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீளமாக இழுத்திருந்தால் இன்னும் மோசம். குறைந்தது 1.5 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள், எர்த்தோடு மூன்று பின் பிளக்காக இருக்கட்டும்.

சுவிட்ச் போட்டால் “ம்ம்ம்” என்று முனகி நிற்கிறது, வீல் கழற்றிவிட்டுச் சாஃப்டை ஒரு சுற்று சுற்றிவிட்டால் ஓடுகிறது என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது வேகம் ஏறியதும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டித்துவிடும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச்சில் தூசி அடைத்திருக்கும். பஃபிங் செய்யும் மெஷினில் இரண்டாவதற்கு வாய்ப்பு அதிகம், பஞ்சும் மெழுகும் சேர்ந்து பிசுக்காக உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும், அதை இறக்கத் தெரியாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். முனகிக்கொண்டே நிற்கவிடாதீர்கள், சில நொடிகளில் காயில் கருகும்.

வேகத்தைக் குறைக்க வேண்டும்

ஃபேன் ரெகுலேட்டரை இணைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. ரெகுலேட்டர் வோல்டேஜைத்தான் குறைக்கும், சுற்று குறைவதற்குப் பதில் மோட்டார் வலுவிழந்து சூடாகும். வேகம் இறங்கிவிட்டால் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் மறுபடி ஒட்டிக்கொண்டு ஸ்டார்ட்டிங் காயிலை எரித்துவிடும். மூன்று ஃபேஸ் மோட்டாராக இருந்தால், மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் குறைக்கும் வி.எஃப்.டி. போடலாம். இல்லையென்றால் தனியாக ஒரு சாஃப்டை இரண்டு பேரிங்கில் வைத்து பெல்ட் போட்டு ஓட்டலாம்: மோட்டாரில் 2 அங்குல புல்லி, சாஃப்டில் 3 அங்குல புல்லி என்றால் 1900 சுற்று கிடைக்கும். பிளாஸ்டிக், கொம்பு, மரக் கைப்பிடிக்கு இது தேவைப்படும், இல்லையென்றால் சூட்டில் உருகும் அல்லது கருகும். பித்தளைக்கு 2850 சுற்றில் 150 மி.மீ. வீலே போதும்.

எவ்வளவு நேரம் காட்டினாலும் பளபளப்பு வரவில்லை

கீறல் தெரிகிறதா, மங்கலா, கறுப்புக் கோடா என்று வெயிலில் காட்டிப் பாருங்கள். டியூப்லைட்டில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

கீறல் என்றால் அது வீலால் போகாது. துணி வீல் மெருகு ஏற்றும், பள்ளத்தை நிரப்பாது. எமரித் தாளில் 220, 400, 600 என்று படிப்படியாக ஏற வேண்டும், ஒவ்வொரு தாளையும் முந்தின கீறலுக்குக் குறுக்காகத் தேய்த்தால் பழைய கீறல் போனதா என்று தெரியும். புல்லட் இன்ஜின் மூடி மாதிரி அலுமினியத்துக்கு 800, 1000 வரை போனால்தான் கண்ணாடி மாதிரி வரும். இதில் ஒரு படியைத் தாண்டினால் வீலில் ஒரு மணி நேரம் நின்றாலும் அந்தக் கோடு அப்படியே இருக்கும், கூடவே பளபளக்கவும் செய்யும்.

முன்பு இல்லாத கீறல் வீலில் காட்டிய பிறகு வருகிறது என்றால் வீலில் கல் பொடி ஏறியிருக்கிறது. ஒரு பக்கம் சாணைக்கல், மறுபக்கம் துணி என்று வைத்துக்கொள்வது வசதிதான், நானும் ஒரு வருடம் அப்படி வைத்திருந்தேன். கல்லிலிருந்து பறக்கும் துகள் துணியில் புதைந்துகொண்டு ஒவ்வொரு பொருளிலும் மெல்லிய கோடு போட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் துணியாக்கிய பிறகுதான் நின்றது. ஒரு வீலுக்கு ஒரே சோப்பு என்பதும் இதே காரணத்தால்தான். சோப்பு என்றால் மெருகேற்ற வீலில் பூசும் மெழுகுக் கட்டி. இந்தப் பாலிஷ் சோப்புக் கட்டியைக் கடையில் லஸ்டர் என்றும் சொல்வார்கள். கறுப்பு முரடு, பழுப்பு நடுத்தரம், வெள்ளை, பச்சை, சிவப்பு மென்மை என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். பித்தளைக்குப் பழுப்பு, பிறகு சிவப்பு. எஸ்.எஸ்.ஸுக்குக் கற்றாழை நார் வீலில் கறுப்பு, பிறகு தையல் போட்ட துணி வீலில் பச்சை. அலுமினியத்துக்குப் பழுப்பு, பிறகு வெள்ளை. வீலின் பக்கத்தில் எந்த நிறம் என்று மார்க்கரில் எழுதி, தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். சோப்பு மாறும்போது பொருளையும் துடைத்துவிடுங்கள், முந்தின சோப்பு ஒட்டியிருந்தால் அடுத்த வீலும் கெட்டுவிடும்.

கறுப்புக் கோடும் பிசுக்கும் என்றால் சோப்பு அதிகம். ஓடும் வீலில் கட்டியை ஒன்றிரண்டு நொடி தொட்டு எடுத்தால் போதும். அதிகம் பூசினால் வேகமாக வேலை நடக்கும் என்று நினைக்கிறோம், நடப்பது என்னவோ மெழுகு பொருளின் மேல் திரும்பி ஒட்டுவதுதான். வீலை ஆணிப்பலகையால் ஒரு முறை சுரண்டிவிட்டு, புதிதாக எதுவும் பூசாமல் லேசான அழுத்தத்தில் காட்டுங்கள். கறுப்பு கலைந்து நிறம் வெளியே வரும், அந்தக் கடைசி அரை நிமிடம் பார்க்கவே அழகாக இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே கட்டியை வைத்திருந்தால் அக்னி நட்சத்திர வெயிலில் இளகிவிடும், தொட்டாலே அப்பிக்கொள்ளும். மார்கழிக் காலையில் நேர்மாறாகக் கெட்டியாகிப் பிடிக்காது, அப்போது ஒன்றிரண்டு நொடி கூடுதலாகத் தொட வேண்டும்.

எழுத்து அழிகிறது, மூலை மழுங்குகிறது

வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்போம். எங்கள் வீட்டுச் சொம்பு ஒன்றில் பாட்டியின் பெயரும் கல்யாணத் தேதியும் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கிறது. அறுபது வருடம் தேய்ந்தது போக மிச்சம் இருப்பது நகத்தால் தடவினால் மட்டும் உணரக்கூடிய பள்ளம். நார் வீலும் கறுப்புச் சோப்பும் அதை இரண்டு நிமிடத்தில் இல்லாமல் செய்துவிடும். பெயர் வெட்டிய இடத்தில் மாஸ்க்கிங் டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்தை வீலில் முடியுங்கள், அந்த இடத்தை மட்டும் விபூதியைத் துணியில் தொட்டுக் கையால் துடையுங்கள். நிறம் கொஞ்சம் வேறுபடும், அது கெடுதல் இல்லை.

மூலை மழுங்குவதும் இதே கதைதான். மென்மையான, தையல் இல்லாத வீல் மூலையைச் சுற்றி மடங்கி வட்டமாக்கிவிடும். நேர் விளிம்பு வேண்டிய பொருளுக்கு நெருக்கமாகத் தைத்த வீலோ ஃபெல்ட் வீலோ போட்டு, ஓரத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருங்கள்.

புகை வாசனை, தீப்பொறி, தும்மல்

வீலுக்கு அடியில் சேரும் பஞ்சு, மெழுகில் ஊறிய பஞ்சு. விளக்குத் திரி மாதிரி எரியும். பக்கத்திலேயே சாணைக்கல்லில் இரும்பு தேய்த்தால் பொறி அதில் விழும், உடனே தெரியாது, கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகு புகைய ஆரம்பிக்கும். அலுமினியம் மெருகேற்றிய தூசி இருந்தால் இன்னும் ஆபத்து. சிவப்புச் சோப்பில் இருப்பது இரும்பு ஆக்சைடு. அது அலுமினியத் தூளோடு சேர்ந்து பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாத சூடு வரும். அதனால் அலுமினிய வேலை முடிந்ததும் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் வேறு வேலை.

பழுப்புச் சோப்பில் சிலிக்கா இருக்கும், அது நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. கைக்குட்டை கட்டுவது போதாது, என்95 முகக்கவசம் போடுங்கள். பச்சைச் சோப்பைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு, குரோமியம் என்றாலே ராணிப்பேட்டை நிலத்தடி நீர் ஞாபகத்துக்கு வரும். அங்கே நீரைக் கெடுத்தது ஆறு இணைதிறன் குரோமியம். சோப்பில் இருக்கும் பச்சை, மூன்று இணைதிறன் உள்ள குரோமியம் ஆக்சைடு, அந்த அளவுக்கு விஷம் இல்லை. அதற்காக மூச்சில் இழுக்கலாம் என்று அர்த்தம் இல்லை, முகக்கவசம் அதற்கும் சேர்த்துத்தான்.

மெருகேற்றிய விளக்கு இரண்டே நாளில் கறுக்கிறது

வீலிலிருந்து எடுத்த பித்தளையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் இருக்கும், அதன் மேல் வியர்வைக் கையால் தொட்ட ரேகை அப்படியே கறுப்பாகப் பதியும். இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அதன் பிறகு புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, புளியின் அமிலம் வீலில் வந்த மெருகை மங்கடித்துவிடும். வார்னிஷ் அடித்தால் கறுக்காது என்பார்கள். காட்சிக்கு வைக்கும் சாமானுக்குச் சரி, ஏற்றும் விளக்குக்கு வேண்டாம், திரியின் சூட்டில் மஞ்சளாகிப் பொரிந்து வரும். துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் துடைத்து வைத்தால் கார்த்திகை மூன்று நாளும் தாங்குகிறது.